ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு நாள்: வேனா, பஸ்ஸா, காரா, ரயிலா?

லண்டன் பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். முதல் நாள் கோட்டை, ராயல் மைல் தெரு, பைப் வாத்தியம் ஊதுகிறவரோடு ஒரு படம். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அந்தக் கேள்வி வந்துவிடும்: "நாளைக்கு ஒருநாள் சும்மாதான் இருக்கு. இந்த மலை, ஏரி எல்லாம் பார்க்கணும். எதுல போறது?"

எட்டு வருஷமாக இங்கே இருப்பதால் எல்லா விதமாகவும் போயிருக்கிறேன். ஐம்பது பேர் உட்காரும் பெரிய பஸ், பதினாறு பேர் உட்காரும் சின்ன வேன், வாடகைக் கார், ரயில் என்று ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "வண்டியை அப்புறம் பார்க்கலாம், எவ்வளவு தூரம் போகணும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் சொல்வது லாக் நெஸ் ஏரி. அதில் வாழ்வதாகக் கதை கட்டிய நீண்ட கழுத்துள்ள பிராணியின் படத்தைச் சின்ன வயதில் எங்கேயோ பார்த்திருப்பார்கள்.

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. எடின்பரோவில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, கிளென்கோ என்ற மலைப் பள்ளத்தாக்கு வழியாக லாக் நெஸ்ஸின் தென்முனையில் இருக்கும் ஃபோர்ட் அகஸ்டஸ் ஊருக்குப் போய், கிழக்கே ஏ9 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி வர 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். அதில் சக்கரம் உருளும் நேரம் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல். முடி தொங்கும் ஹைலேண்ட் மாடு பார்க்க அரை மணி, கிளென்கோவில் கால் மணி, ஏரிக்கரையில் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றரை மணி, திரும்பும்போது பிட்லாக்ரியில் டீக்கும் கழிப்பறைக்கும் அரை மணி என்று இறக்கிவிடுவார்கள். பயணத்திலேயே பெரிய காட்சி கிளென்கோ, அதற்குக் கால் மணிதான்.

லாக் நெஸ் மட்டமான இடம் என்று சொல்ல மாட்டேன். நீளம் 37 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகளின் தண்ணீரை எல்லாம் ஒன்றாகக் கொட்டினாலும் இதிலுள்ள தண்ணீருக்கு ஈடாகாது. ஆனால் இந்தப் பெருமை எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கரையில் நின்று பார்க்கிறவருக்குக் கிடைப்பது நேர்கோடு மாதிரி ஓடும் கறுப்புத் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மலைச்சரிவும்தான். சுற்றியுள்ள மண்ணின் கரி கரைந்து வருவதால் அந்தக் கறுப்பு. படகில் போகலாம், ஒரு மணி நேரம், அதற்குத் தனியாகக் காசு. நான் படகை விட்டுவிட்டு ஃபோர்ட் அகஸ்டஸ் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவேன். 1822-ல் திறந்த கலிடோனியன் கால்வாய் அங்கே ஐந்து மதகுகளாகப் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. தாமஸ் டெல்ஃபர்ட் கட்டியது. ஒரு படகு ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிராணி ஞாபகமே வராது.

ஆக என் கட்சி இதுதான். ஒரே நாள், அதுவும் எடின்பரோவிலிருந்து என்றால் லாக் நெஸ்ஸை விட்டுவிடுங்கள். கிளென்கோ வரை போய்த் திரும்பும் பயணம், இல்லையென்றால் லாக் லோமண்ட் ஏரி, ஸ்டெர்லிங் கோட்டை என்று அருகிலேயே சுற்றும் பயணம், இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். முதல் நாள் ராத்திரி தங்குவதைக் கிளாஸ்கோவுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ரயிலில் ஐம்பது நிமிஷம்தான். கிளாஸ்கோவிலிருந்து ஏ82 சாலையில் இரண்டு, இரண்டேகால் மணி நேரத்தில் கிளென்கோ வந்துவிடும். எடின்பரோவிலிருந்து போகிறவர் கிட்டத்தட்ட மூன்று மணி உட்கார வேண்டும். பயண நிறுவனங்கள் பல கிளாஸ்கோவிலிருந்தும் வண்டி விடுகின்றன, நம் ஆட்கள்தான் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

பெரிய பஸ்ஸை மட்டமாகப் பேசுவது சுற்றுலாக்காரர்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அதற்கென்று இருக்கும் நல்ல குணத்தை யாரும் சொல்வதில்லை. இருக்கை உயரமாக இருக்கும். ஸ்காட்லாந்துச் சாலையோரங்களில் கல்சுவரும் புதர்வேலியும் நிறைய. காரில் போகிறவருக்குச் சுவர் தெரியும், பஸ்ஸில் இருப்பவருக்குச் சுவருக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கு தெரியும். பெரும்பாலான பஸ்களில் கழிப்பறையும் உண்டு. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியாது. கட்டணமும் கொஞ்சம் குறைவு. சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும் என்றாலும், ஆளுக்கு 50 பவுண்டை ஒட்டிப் பஸ் கிடைக்கிற நாளில் அதே வழிக்கு வேன் 60, 70 என்று இருக்கும். குறை என்னவென்றால் ஐம்பது பேர் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் ஐந்து நிமிஷம், பின்னால் ஐந்து நிமிஷம் போய்விடும். காபிக் கடையில் உங்களுக்கு முன்னால் முப்பது பேர் நிற்பார்கள்.

வேன் ஏன் பிடித்துப்போனது என்று ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து அத்தை வந்திருந்தார், கூட அத்தை மகன். மே மாதம். கிளென்கோ வழிப் பயணம், பதினாறு பேர், ஓட்டுகிறவரே கதையும் சொல்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர், முழங்காலுக்கு மேல் கில்ட், காதோரம் மைக். கேலண்டர் ஊருக்குப் பக்கத்தில் முதல் நிறுத்தம், ஹைலேண்ட் மாடு பார்க்க. கண்ணை மறைத்துத் தொங்கும் செம்பட்டை முடியோடு நின்ற அதை எல்லாரும் வளைத்து வளைத்துப் படம் எடுக்க, அத்தை மட்டும், "இதுக்கு முடி வெட்டிவிட ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வேனுக்குத் திரும்பிவிட்டார்.

ரானக் மூர் என்ற பெரிய சதுப்புவெளியைத் தாண்டும்போது மூட்டம் இறங்கிவிட்டது. இருபது அடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கிளென்கோவில் நிறுத்தினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "இப்போ இறங்க வேண்டாம், முதலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பார்க்கலாம்" என்று திட்டத்தையே மாற்றினார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் மூட்டம் கிழிந்து, மூன்று சகோதரிகள் என்று சொல்லப்படும் அந்த மூன்று மலைகளும் ஈரம் சொட்டச் சொட்ட நின்றன. பெரிய வாகன நிறுத்தத்துக்குக்கூட அவர் போகவில்லை. அதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் இருந்த சின்ன ஒதுக்கிடத்தில் வண்டியைச் செருகினார். அங்கே வேறு யாருமே இல்லை. அத்தை பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்தார். காற்று அலுமினியத் தாளைப் பிடுங்கிக்கொண்டு போக, டிரைவர் ஓடிப் பிடித்து வந்து கொடுத்துவிட்டு, அவரும் ஒரு வாய் சாப்பிட்டார்.

அந்த இடத்தில் நின்றபடியே கதையைச் சொன்னார். 1692, பிப்ரவரி. அரசுப் படையினர் மெக்டொனால்டு குலத்தார் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கி, பன்னிரண்டு நாள் அவர்கள் கையால் சாப்பிட்டு, 13-ஆம் தேதி விடியுமுன் எழுந்து அவர்களையே வெட்டினார்கள். 38 பேர் செத்தார்கள். தப்பி ஓடியவர்களில் எத்தனையோ பேர் பனியில் விறைத்துப்போனார்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் கேம்பெல் குலத்துக்காரர் என்பதால் இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயருக்கு இன்றும் மரியாதை குறைவு. நான் தமிழில் சொல்லி முடித்ததும் அத்தை, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்" என்றார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று டிரைவர் என்னிடம் கேட்டார். எனக்குச் சரியாக வரவில்லை.

வெளிச்சத்தைப் பார்த்து வழியை மாற்றுவது, பஸ் நுழையாத இடத்தில் ஒதுங்குவது, கேள்வி கேட்டால் பதில் சொல்வது. வேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பத்து, இருபது பவுண்டும் இதற்குத்தான். ஆனால் இது முழுக்க ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. இன்னொரு முறை வேறொரு நிறுவனத்தின் வேனில் போனேன். ஓட்டியவர் மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்துக்கொண்டே வந்தார், எங்கேயும் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை, பின் சக்கரத்துக்கு நேர் மேலே. லாக் லோமண்டின் வடபாதியில் டார்பெட்டைத் தாண்டியதும் ஏ82 சாலை குறுகி, பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே வளைந்து நெளிந்து போகும். கொல்லிமலை ஏறியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து காலையில் இட்லி சாப்பிட்டவருக்கு அது பெரிய விஷயம். இருக்கை எண் தருவது பெரும்பாலும் கிடையாது. பதினைந்து நிமிஷம் முன்னால் போய் நின்று முன் வரிசையைப் பிடியுங்கள்.

வேனில் கழிப்பறை கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி உயரம், கால் நீட்ட இடமும் கம்மி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. இதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டுக் காலையில் பிள்ளையோடு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ரயில் அழகில் மற்ற மூன்றையும் தோற்கடிக்கும், ஒருநாள் பயணம் என்ற கணக்கில் மட்டும் தோற்றுப்போகும். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியம் என்ற மலையடி ஊருக்குப் போகும் பாதை 1894-ல் திறந்தது. ரானக் மூரில் சாலையே இல்லாத பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சதுப்பில் அடித்தளம் நிற்கவில்லை என்று மரவேர், சுள்ளிக்கட்டு, மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகக் கொட்டி அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்கள். கோரர் என்ற நிலையம் 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பொதுச் சாலை எதுவும் அங்கே போய்ச் சேராது. ஜன்னலுக்கு வெளியே மான் கூட்டம் நின்று பார்க்கும். ஆனால் போக மட்டுமே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஒன்றை விட்டால் பாதி நாள் போச்சு. இவ்வளவு செய்தும் கிளென்கோ கண்ணில் படாது, பாதை அந்தப் பக்கமே போகவில்லை. ஃபோர்ட் வில்லியமில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் ரயில் என்று சொல்வேன். அப்படித் தங்கினால் மறுநாள் அதே பாதை முடியும் மாலேக் ஊர் வரை போங்கள். வழியில் வருவது 1901-ல் திறந்த கிளென்ஃபினன் பாலம், 21 வளைவு, முழுக்கக் கான்கிரீட். அதன் மேல் போகும் சுற்றுலா நீராவி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று நிறையப் பேர் அழுகிறார்கள். சாதாரண ரயிலும் அதே பாலத்தின் மேல்தான் போகிறது. மாலேக் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னல்.

கையில் காசு குறைவு, ஆள் ஒண்டி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் சிட்டிலிங்க் பஸ் கிளென்கோவின் நடுவிலேயே போகிறது. கதை சொல்ல ஆள் இல்லை, படம் எடுக்க நிறுத்த மாட்டார்கள். ஆனால் மாணவனாக இருந்தபோது நான் மலைகளை முதலில் பார்த்தது அந்தப் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

கார் விஷயத்தில் நம்மவர்களுக்கு இரண்டு வசதி. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றிப்பார்க்க வந்தவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்தே பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். நாலு பேராகப் பிரித்துக்கொண்டால் வேனைவிட மலிவாகவும் வரும். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். சாலைப் பலகையில் எல்லாம் மைல் கணக்கு. பெரிய சாலையை விட்டு இறங்கினால் ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்காக ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். அதில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போனால் உள்ளூர்க்காரர்கள் பேசும் பேச்சு ஆங்கிலமாகத் தெரியாது, அர்த்தம் மட்டும் புரியும். விஸ்கி ஆலைக்குள் போய் ருசி பார்க்கும் ஆசை இருந்தால் காரை மறந்துவிடுங்கள். 2014 டிசம்பரிலிருந்து இங்கே குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை.

ஒருநாளுக்குக் கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. ஓட்டுகிறவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. என் நண்பர் ஒருவர் எடின்பரோ, லாக் நெஸ், எடின்பரோ என்று ஒரே நாளில் தானே ஓட்டி முடித்தார். மறுநாள் கேட்டால், ஏ9-ல் வரிசையாக வைத்திருக்கும் சராசரி வேகக் கேமராக்களைப் பற்றித்தான் பேசினார்.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். டிசம்பரில் எடின்பரோவில் சூரியன் உதிப்பது எட்டே முக்காலை ஒட்டி, மறைவது மூன்றே முக்காலுக்கு முன். அந்த மாதத்தில் பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பணம் கட்டுகிறவர் பாதிப் பணத்தை இருட்டுக்குக் கொடுக்கிறார். அப்போது ஸ்டெர்லிங், லாக் லோமண்ட் போதும். ஜூனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம், ஆனால் மிட்ஜ் கடிக்கும். கொசுவில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், ஆயிரக்கணக்கில் வரும். காற்று வீசினால் ஓடிவிடும். மேயும் செப்டம்பரும் எனக்குப் பிடித்தவை.

இரண்டு நாள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் என் பதில் தலைகீழாகிவிடும். வடக்கே உள்ள இன்வர்னஸ் நகருக்கு ரயிலில் போய், அங்கே கார் எடுங்கள். அத்தையோடு மறு வாரமே அப்படிப் போனோம். இன்வர்னஸிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரத்துக்குள், ஆல்னெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஃபைரிஷ் என்று ஒரு குன்று. அதன் உச்சியில் கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. நாகப்பட்டினத்து வாசலின் மாதிரி அது. 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த சர் ஹெக்டர் மன்றோ ஊர் திரும்பியதும் தன் நிலத்தில் அதைக் கட்டினார். அதற்கு முந்தைய வருஷம் காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கிய அதே மன்றோ. சென்னையில் குதிரைமேல் இருப்பவர் தாமஸ் மன்றோ, அவர் வேறு. இங்கே 3000 அடிக்கு மேல் உள்ள 282 மலைகளுக்கும் மன்றோ என்று பெயர், அதற்குக் காரணமான ஹியூ மன்றோ மூன்றாவது ஆள். ஊரில் வேலையில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் ஹெக்டர் மன்றோ அந்த வளைவுகளைக் கட்டினாராம். கல்லை மேலே ஏற்றியதும் ராத்திரியோடு ராத்திரியாக உருட்டிவிட்டு, மறுபடி ஏற்றச் சொல்லிக் கூலி கொடுத்தார் என்றும் கதை இருக்கிறது.

நானும் அத்தை மகனும் மேலே ஏறினோம், போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழங்கால் வலியோடு அத்தை கீழே காரிலேயே இருந்துகொண்டார். ஒருநாள் சுற்றுலா வேன் எதுவும் அந்தக் குன்றின் கீழே நின்று நான் பார்த்ததில்லை. இறங்கி வந்ததும் எடுத்த படங்களைக் காட்டினேன். அத்தை போனை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்து இறங்கி, தூரத்தில் உச்சியில் பல்வரிசை மாதிரித் தெரிந்த அந்தக் கற்களை அண்ணாந்து பார்த்தார்.

"நாகப்பட்டினத்து வாசல்னா கடலைப் பார்த்துல்ல இருக்கணும்?" என்றார். அத்தை மகன் கிழக்கே கையைக் காட்டினான். தூரத்தில் கிராமர்ட்டி கழிமுகம் மழைக்குள் சாம்பலாகத் தெரிந்தது.